முதலில் மொட்டை மாடி, கடைசியில் சோலார்: ராமநாதபுரம் கடலோர லாட்ஜ், கடை, அடுக்குமாடி உரிமையாளர்களுக்கு ஒரு மின்சிக்கன வழிகாட்டி

ராமேசுவரத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒரு அண்ணன் சித்திரை மாதத்தில் கூப்பிட்டார். "தம்பி, பத்து கிலோவாட் சோலார் போடணும். ரேட்டைச் சொல்லு."

"ரேட் இருக்கட்டும்ணே. ஒரு வருஷத்து கரண்ட் பில்லை எடுத்து வைங்க, வர்றேன்" என்றேன்.

போனபோது மதியம் இரண்டு மணி. மாடிக்கு அழைத்துப் போனார். வாசற்படி தாண்டியதும் இரண்டு பேரும் செருப்பைத் தேடித் திரும்பி ஓடினோம், தளம் அப்படிக் கொதித்தது. அதற்கு நேர் கீழே எட்டு அறைகள். "இந்த எட்டு ரூம்ல மட்டும் ஏசி கட் ஆகவே மாட்டேங்குது. கம்பெனி சரியில்லை போல" என்றார். ஏசியில் ஒரு குறையும் இல்லை. தலைக்கு மேல் அடுப்பை வைத்துக்கொண்டு கீழே குளிரூட்டினால் எந்தக் கம்பெனி ஏசிதான் ஓயும்? அந்த மாடியைச் சரிசெய்யாமல் சோலார் போட்டால், ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைத்த கதைதான்.

நம் பக்கத்தில் பெரும்பாலும் பணம் வீணாவது இந்த வரிசை மாறுவதால்தான். பில், சட்டம், கூரை, ஏசியும் வெந்நீரும், அதற்கப்புறம் சோலார் என்று போக வேண்டும். இருபது வருடமாகக் கீழக்கரைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஒயரிங் வேலை பார்த்ததில் கற்றது இது. சிலவற்றை என் கைக்காசு போட்டே கற்றேன்.

பில்லைப் படிப்பது

ஆறு பில்களை, அதாவது ஒரு வருடத்தை, வரிசையாகத் தரையில் பரப்புங்கள். யூனிட்டைப் பார்க்கும் முன் மேலே உள்ள கட்டண வகையைப் பாருங்கள். கடை, லாட்ஜ் என்றால் வணிக வகை. இதில் ஓடிய யூனிட்டுக்கு மட்டும் பணம் போகவில்லை. நீங்கள் எழுதிக்கொடுத்த ஒவ்வொரு கிலோவாட் லோடுக்கும் நிலைக்கட்டணம் உண்டு, அறை காலியாக இருந்தாலும். மூடிவிட்ட ஓட்டலின் லோடை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் கட்டடங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். தேவைக்கு மேல் இருந்தால் லோடைக் குறைக்க ஈபியில் விண்ணப்பம் கொடுங்கள், செலவில்லாத மிச்சம் இது. அதற்காக ஒட்ட வெட்டிவிடவும் கூடாது. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் எல்லா அறையும் நிறைந்து லோடு தாண்டினால் அபராதம் வரும். அந்த இரண்டு கூட்டத்தின் பில்லையும் பார்த்த பிறகே எண்ணை முடிவுசெய்யுங்கள்.

அடுக்குமாடிக்காரர்கள் பார்க்க வேண்டியது பொதுப் பயன்பாட்டு மீட்டர். மோட்டார், மாடிப்படி விளக்கு, லிப்ட் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. 2022 செப்டம்பரில் இதற்கென்று தனிக் கட்டண வகை வந்து பில் எகிறியது நினைவிருக்கும். பலருக்குத் தெரியாதது அடுத்து வந்த சலுகை. பத்து வீடு அல்லது அதற்குக் குறைவு, மூன்று மாடிக்கு மேல் இல்லை, லிப்டும் இல்லை என்றால், 2023 நவம்பர் 1 முதல் யூனிட் 8.15 ரூபாயிலிருந்து 5.50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பிறகு கட்டணங்கள் உயர்ந்தன என்றாலும் வகைக்கு வகை வித்தியாசம் கணிசம். ராமநாதபுரம், பரமக்குடிச் சின்ன அடுக்குமாடிகள் பல இந்தக் கணக்குக்குள் வரும். உங்கள் பில் எந்த வகையில் போடப்படுகிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

சட்டம் யாரைக் கேட்கிறது

மத்திய அரசின் எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. அதன் கீழ் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007இல் வந்து 2017இல் திருத்தப்பட்டது. நூறு கிலோவாட் இணைப்பு லோடு அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவை (ஈபியோடு ஒப்பந்தம் போட்ட உச்ச அளவு), இதை எட்டும் புதிய வணிகக் கட்டடங்களுக்கு அது. 2022இல் சட்டமே திருத்தப்பட்டு, பெரிய குடியிருப்புகளும் உள்ளே வந்தன. வரம்பை மாநில அரசு இறக்கிக்கொள்ளவும் இடமிருக்கிறது.

"நூறு கிலோவாட்டா? அதெல்லாம் மதுரை மால்களுக்கு" என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாற்பது அறை லாட்ஜ். அறைக்கு ஒன்றரை டன் ஏசி, சுமார் 1.6 கிலோவாட்; நாற்பதுக்கு 64. அறைக்கு இரண்டு கிலோவாட் கீசர், நாற்பதுக்கு 80. லிப்ட், மோட்டார், சமையற்கட்டு சேர்க்காமலே 144 வந்துவிட்டது. புது பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து வரைபடத்தில் இருக்கும் லாட்ஜ்களில் நாற்பது அறை சாதாரணம். கவனித்தீர்களா, ஏசியைவிடக் கீசரின் லோடுதான் அதிகம். வெந்நீருக்கு வேறு வழி பார்த்தால் வரம்புக்குக் கீழேயே நின்றுவிடலாம், நிலைக்கட்டணமும் குறையும்.

வரம்பைத் தாண்டினால் கேட்பவற்றில் நம் ஊருக்கு முக்கியமானவை சில. வெளிச்சுவர்ப் பரப்பில் கண்ணாடி 40 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தட்டைக் கூரை வெயிலைக் குறைந்தது 60 சதவீதம் திருப்பியடிக்க வேண்டும். கூரையில் ஒரு பகுதியைச் சோலாருக்கு ஒதுக்க வேண்டும். முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்த கட்டடத்தைச் சென்னையில் பார்த்துவிட்டு வந்து மண்டபம் சாலையில் கட்டுகிறவர்களைச் சட்டம் தடுக்காவிட்டாலும் சொந்தக்காரர்களாவது தடுக்கலாம்.

குடியிருப்புக்கு 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று தனி விதி, 2018இல் வந்தது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனையில் கட்டும் குடியிருப்புகளுக்கானது. நம் கடற்கரை அதில் வெப்பமும் ஈரமும் கூடிய மண்டலம். வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய சன்னலாக இருக்க வேண்டும் என்கிறது. 900 சதுர அடி வீட்டுக்கு 150 சதுர அடி. நகர்த்தும் கண்ணாடி சன்னலில் பாதிதான் திறக்கும், அதனால் பாதியைத்தான் கணக்கில் எடுக்க முடியும். பழைய மரக்கதவு சன்னல் முழுதாகத் திறக்கும். கொண்டல் காற்று வரும் கிழக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கைத் தாராளமாகவும், மாலை வெயில் அறையும் மேற்கில் கஞ்சத்தனமாகவும் வையுங்கள். கீழக்கரையில் முற்றம் வைத்த பழைய வீடுகளுக்குள் நுழைந்தால் இதெல்லாம் எந்த விதியும் சொல்லாமலே செய்யப்பட்டிருப்பது தெரியும்.

வரைபட அனுமதிக்குப் போகும்போது பொறியாளரிடம் இந்தக் கணக்கைத் தாளில் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது. கட்டி முடித்தபின் சன்னலைப் பெரிதாக்க முடியாது.

மொட்டை மாடி

இதுதான் எனக்குப் பிடித்த வேலை. குறைந்த காசு, அதிகப் பலன்.

பழைய கட்டடம் என்றால் வெள்ளையில் தொடங்குங்கள். கூல் ரூஃப் பெயின்ட், வெள்ளை ஓடு, உடைந்த வெள்ளை டைல் பதித்த தளம் எதுவானாலும் சரி. சுண்ணாம்பு அடிப்பதும் வேலை செய்யும், ஆனால் வருடா வருடம் அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்துவிடும். மழைக்கு முன் அடிப்பது காசைக் கடலில் போடுவது. தை பிறந்ததும் விரிசல்களை அடைத்து, பாசியைச் சுரண்டி, இரண்டு கை அடித்துவிட்டால் கோடை முழுக்க வெள்ளையாக நிற்கும். உப்புப் படிந்த தளத்தில் நேரடியாகப் பெயின்ட் அடித்தால் அப்பளமாக உரியும். முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, இரண்டு நாள் காயவிடுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் தட்டோட்டுக்கு அடியில் ஒன்று, ஒன்றரை அங்குல எக்ஸ்பிஎஸ் அட்டையை, அதாவது சூட்டைத் தடுக்கும் கெட்டி நுரை அட்டையை, பதிக்கச் சொல்லுங்கள். குடியிருப்பு விதி கூரைக்குக் கேட்கும் வெப்பத்தடையை வெறும் கான்கிரீட் தளம் எட்டவே எட்டாது, இந்த அட்டை வைத்தால் எட்டிவிடும். "சுர்க்கி போட்டாச்சே" என்பார் கொத்தனார். சுர்க்கி என்பது செங்கல்தூளும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு, தண்ணீரைத் தடுக்கும். வெயிலுக்கு அது போதாது.

அந்த அண்ணனின் மாடிக்கு வெள்ளை அடித்தோம். அடுத்த வாரம் போனில், "எட்டு ரூம்லயும் கட் ஆகுது தம்பி" என்றார். கம்பெனியைத் திட்டியதை அவரும் நினைவுபடுத்தவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏசி, மின்விசிறி, வெந்நீர்

ஏசி வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் பார்ப்பது உள்ளூர்க்காரர்களுக்குப் பத்தாது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகள் சில வருடங்களிலேயே சுட்ட அப்பளம்போல விரலில் உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். தகடு போனால் சூடு வெளியேறாது. ஐந்து நட்சத்திர இயந்திரம் ஒற்றை நட்சத்திரத்தின் கரண்டைக் குடிக்கும். தாமிரக் குழாய், அரிப்பைத் தாங்கும் பூச்சுள்ள தகடு என்று கேட்டு வாங்குங்கள். அவுட்டோரைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு போர்த்தண்ணீரால் கழுவும் வாட்ச்மேன்களிடம் எத்தனை முறை சொன்னாலும் ஏறுவதில்லை. காவிரித் தண்ணீர்க் குழாயிலிருந்து தனியாக ஒரு டியூப் இழுத்துக் கொடுத்துவிடுவதே வழி.

2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. யாத்திரைக்காரர் வந்ததும் 18 ஆக்கிவிடுவார், அது வேறு. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்திச் சிக்கனப் பணியகத்தின் கணக்கு. சாவியை எடுத்தால் அறைக் கரண்ட் நிற்கும் கார்டு சுவிட்ச், சுவரில் ஒட்டும் எந்த அறிவிப்பையும்விட அதிகம் மிச்சப்படுத்தும். கோயிலுக்குப் போனவர் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடித் தரிசனம் முடித்துத் திரும்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்; அவ்வளவு நேரமும் ஈரத்துணி காய்வதற்காக ஏசி, விசிறி இரண்டையும் ஓடவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மாடியில் நிழலோடு ஒரு துணிக்கொடி கட்டிக் கொடுங்கள்.

விசிறிக் கணக்கு எளிது. பழையது 75 வாட், புதுவகை பிஎல்டிசி மோட்டார் விசிறி 30 வாட். நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் வருடத்துக்குச் சுமார் 246 யூனிட் மிச்சம். வணிக இணைப்பில் யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 2,460 ரூபாய். விசிறியின் விலை ஒன்றரை வருடத்துக்குள் திரும்பிவிடும்.

வெந்நீருக்கு வருவோம். ஸ்படிகலிங்க தரிசனத்துக்காக அதிகாலை நான்கு மணிக்கே எல்லா அறையிலும் கீசர் ஒன்றாக ஆன் ஆகும். ஒரு கீசரின் காயிலைக் கழற்றி அண்ணனிடம் காட்டினேன். கரையேற்றிய வள்ளத்தின் அடியில் கொட்டலசு ஒட்டியிருக்குமே, அப்படி விரல் பருமனுக்கு வெள்ளை உப்பு. கம்பி முதலில் அந்தக் கல்லைச் சுட வைத்து, கல்தான் பிறகு தண்ணீரைச் சுட வைக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காயிலைச் சுத்தம் செய்வது குறைந்தபட்சம். அதைவிட நல்லது மாடியில் பொதுவான ஏற்பாடு. ஹீட் பம்ப், காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீரில் போடும் இயந்திரம். கீசர் மூன்று யூனிட்டில் செய்வதை ஏறக்குறைய ஒன்றில் செய்யும், நம் ஊர்க் காற்றில் சூட்டுக்கா பஞ்சம்? முன்னிரவிலேயே ஓட்டித் தொட்டியில் சேர்த்து வைத்தால் நான்கு மணிக் கூட்டமும் சமாளிக்கும். சோலார் வாட்டர் ஹீட்டர் என்றால் போர்த்தண்ணீர் நேரடியாகக் குழாய்க்குள் ஓடாதபடி, வெப்பப் பரிமாற்றி வைத்த மாடலாகக் கேளுங்கள்.

இனி சோலார், அதோடு பணம்

கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தபோது ஒரே இடத்தில் அமைந்த உலகின் பெரிய நிலையம் அதுதான் என்றார்கள். அந்த வெயில்தான் நம் மாடியிலும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி நிழலில்லா இடம், நாளைக்குச் சராசரி நான்கு யூனிட். தெற்கு நோக்கிப் பத்து டிகிரி சாய்வு போதும்.

மானியம் யாருக்கு என்பதில்தான் குழப்பம் அதிகம்.

லாட்ஜ், கடைக்கு 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தில் மானியம் கிடையாது. கிடைக்கும் என்று சொல்லி முன்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கீழே கடை, மேலே வீடு என்றால் வீட்டு இணைப்புக்கு மட்டும் உண்டு: இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000. 2024 பிப்ரவரியில் தொடங்கிய இத்திட்டம் 2026-27 நிதியாண்டு வரை.

அடுக்குமாடிச் சங்கத்துக்குப் பொதுப் பயன்பாட்டுக்காக கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். வீட்டுக்கு மூன்று கிலோவாட் கணக்கில், 500 கிலோவாட் வரை. மின்வண்டி சார்ஜரும் அடங்கும். பன்னிரண்டு வீடு என்றால் 36 வரை கேட்கலாம்தான், ஆனால் மாதம் 400 யூனிட் ஓடும் பொது மீட்டருக்கு நான்கு கிலோவாட் போதும், மானியம் 72,000. சோலார் பலகை உள்நாட்டில் செய்ததாகவும், போடுபவர் திட்டத்தில் பதிவுபெற்றவராகவும் இருக்க வேண்டும். பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வரும், செயலாளரின் சொந்தக் கணக்குக்கு அல்ல. அதனால் முதலில் சங்கப் பதிவு, பான் அட்டை, பொதுக்குழுத் தீர்மானம். மாடி யாருக்குச் சொந்தம் என்ற சண்டையையும் அதே கூட்டத்தில் தீர்த்துவிடுங்கள். பலகை வந்து இறங்கியபின் மேல் மாடிக்காரர் தடுத்த ஒரு கட்டடத்தில் நான்கு மாதம் என் சாமான் படிக்கட்டடியில் கிடந்தது.

வணிகர்களுக்கு மானியத்துக்குப் பதில் வருமான வரியில் வழி இருக்கிறது. சோலார் சாதனத்துக்கு வருடம் 40 சதவீதம் தேய்மானம் எழுதலாம். ஐந்து லட்சம் போட்டால் முதல் வருடமே இரண்டு லட்சத்தை லாபத்திலிருந்து கழிக்கலாம். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான், ஆகவே அக்டோபர் பிறப்பதற்குள் ஓடவிட்டுவிடுங்கள். மழைக்கு முன் வேலை முடிவதும் நல்லதே. விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசக் கணக்குக் காட்டுபவர்கள் இதைத் தனியாகக் கழிக்க முடியாது. ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனத்துக்கு 12இலிருந்து 5 சதவீதமானது. பொருள் 70, வேலை 30 என்று பிரித்துப் போடுவதால் மொத்தத்தில் 13.8 ஆக இருந்தது 8.9 ஆகிவிட்டது. கொட்டேஷனில் பழைய எண் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அதே நாளில்தான் 7,500 ரூபாய்க்கு உட்பட்ட அறை வாடகையும் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) இல்லாத 5 சதவீதத்துக்குப் போனது. நம் லாட்ஜ்கள் பெரும்பாலும் இதில்தான். சோலாருக்குக் கட்டும் வரி திரும்பி வராது, கைச்செலவாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஐஸ் பிளான்ட், இறால் பதப்படுத்தும் கூடம் வைத்திருப்பவர்களுக்கு வேறு கதவு. மாவட்டத் தொழில் மையத்தில் மின் தணிக்கைச் செலவில் ஒரு பகுதியும், மாற்றும் இயந்திரத்தின் விலையில் ஒரு பகுதியும் தரும் திட்டம் உண்டு. மத்திய அரசு 2025 ஜூலையில் தொடங்கிய வட்டி மானியத் திட்டத்தில் மீன்தொழிலும் இருக்கிறது: குறு, சிறு நிறுவனங்களுக்கு வட்டியில் 5 சதவீதம், நடுத்தரத்துக்கு 3. அது கட்டடக் கணக்கில் சேராது, அதனால் இதோடு விடுகிறேன்.

எத்தனை கிலோவாட்? வீட்டு இணைப்பில் ஈபிக்குக் கொடுத்த யூனிட்டை வாங்கிய யூனிட்டில் கழிப்பார்கள். வணிக இணைப்பில் ஈபிக்குப் போகும் உபரிக்கு, நீங்கள் வாங்கும் விலையைவிடக் குறைந்த விலைதான். எனவே பகலில் நீங்களே செலவழிக்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். மாடியைச் சரிசெய்த பிறகு அந்த அண்ணனின் பகல் செலவை, ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்தோம். பத்து என்று கேட்டவருக்கு ஆறு கிலோவாட் போதுமானது.

இரும்பும் உப்பும்

2015 வாக்கில் தங்கச்சிமடத்தில் நான் போட்ட முதல் சோலாருக்குச் சாதாரண இரும்புச் சட்டத்தில் பெயின்ட் அடித்து நிறுத்தினேன். மூன்றாவது மழையில் போல்ட்டுகள் சுட்ட முறுக்குபோல நொறுங்கி உதிர்ந்தன. சொந்தச் செலவில் முழுவதும் மாற்றிக் கொடுத்தேன். இப்போது அலுமினியம் அல்லது சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு, 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட், உப்புக்காற்றுச் சோதனை தாண்டிய பலகை; மூன்றையும் கொட்டேஷனில் எழுத்தில் வாங்குங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்கு என்ன நடந்தது என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பலகை தாங்கும் சட்டத்தைத் தளத்தில் வெறும் கல் வைத்து அழுத்தாமல், பொறியாளர் கையெழுத்திட்ட காற்றழுத்தக் கணக்கோடு பதிக்கச் சொல்லுங்கள். அதற்காகத் தளத்தில் போடும் ஒவ்வொரு துளையையும் அன்றைக்கே அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே இருக்கும் அறையில் கட்டில் மேல் ஒழுகும்.

பலகை கழுவ விடியற்காலையே நேரம். மதியம் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் விட்டால் விரிசல் விடலாம். மழை இல்லாத மாதங்களில் பதினைந்து நாளுக்கொருமுறை கழுவுங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரால் மட்டும் கூடவே கூடாது. வீணாகிறதே என்று பார்க்கத் தோன்றும், ஆனால் உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. அதற்குக் கழிப்பறைத் தொட்டி இருக்கிறது.